சிடி அலமாரியைச் சட்டைப்பைக்குள் கொண்டுவருவது எப்படி?

எங்கள் வீட்டு சிடி பிளேயருக்கு முதலில் வந்த வியாதி, ட்ரே வெளியே வராதது. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஏதோ முனகும், அவ்வளவுதான். ட்ரேயை இழுக்கிற ரப்பர் பெல்ட் தளர்ந்துவிட்டது என்று சொல்லி ரிப்பேர் கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். ஒரு வருடம் ஓடியது. அப்புறம் எந்த சிடியைப் போட்டாலும் 'நோ டிஸ்க்' என்று காட்ட ஆரம்பித்தது. "லென்ஸ் போயிடுச்சு சார், இந்த மாடலுக்கு இப்ப லென்ஸ் வர்றதில்ல" என்று காசு வாங்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். அலமாரியில் அப்பா சேர்த்த கச்சேரிகள், நான் சேர்த்த சினிமாப் பாட்டுகள், அம்மாவின் பக்திப் பாடல்கள் என்று 200 சிடிக்குப் பக்கம் இருந்தது. லேப்டாப்பில் சிடி போடுகிற இடமே கிடையாது. புதுக் காரிலும் இல்லை.

இதே நிலைமையில் இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கணினியில் பெரிய பழக்கம் வேண்டாம். ஃபைலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு காப்பி பண்ணத் தெரிந்தால் போதும். ஆனால் முதலில் ஒரு விஷயம் புரிந்துகொள்ள வேண்டும். புரியாமல் நான் ஒரு முறை எல்லாவற்றையும் தப்பாகச் செய்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வந்தது.

சிடியும் டிஜிட்டல்தான்

'சிடியிலிருந்து டிஜிட்டலுக்கு மாறுவது' என்று சொல்கிறோமே, அந்தப் பேச்சே கொஞ்சம் பிசகு. சிடி பிறக்கும்போதே டிஜிட்டல். பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து அதற்கான விதிகளை வகுத்தன; 1982 அக்டோபரில் ஜப்பானில் முதல் சிடி பிளேயர் கடைக்கு வந்தது. இசைத்தட்டிலும் கேசட்டிலும் ஒலி அலையின் வடிவமே பதிவாகியிருக்கும். சிடியில் இருப்பது வெறும் எண்கள். ஒரு நொடி ஒலியை 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைத்திருக்கிறார்கள். இடது காதுக்கு ஒரு வரிசை, வலது காதுக்கு ஒரு வரிசை.

மனிதக் காதுக்கு அதிகபட்சம் நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். அதைச் சரியாகப் பிடிக்க அதைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே அளந்தால் போதும் என்பது கணக்கு. 44,100 அப்படி வந்ததுதான். வயதாக ஆக அந்த 20,000-உம் இறங்கிக்கொண்டே வரும் என்பது தனிக் கதை.

எண்களாக இருப்பதில் என்ன லாபம்? கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிவு செய்த காலம் ஞாபகம் இருக்கிறதா? மூன்றாவது காப்பியில் பாட்டைவிட 'ஸ்ஸ்ஸ்' சத்தம் அதிகமாக இருக்கும். ஒருவருடைய கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைகிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கோணும். எண் அப்படியில்லை. பழைய டைரியிலிருந்து போன் நம்பரைப் புது டைரிக்கு எழுதினால் நம்பர் மங்கிவிடுமா? சிடியில் உள்ள எண்களைப் பிசகில்லாமல் கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கொண்டால், அது நகல்கூட இல்லை, அதே பாட்டுதான்.

சிடி பிளேயருக்குள் இருப்பது என்னென்ன? சிடியைச் சுழற்ற ஒரு மோட்டார், எண்களைப் படிக்க ஒரு லேசர், அந்த எண்களைத் திரும்ப ஒலி அலையாக மாற்ற ஒரு சில்லு, கொஞ்சம் பலம் கொடுக்க ஒரு சிறிய ஆம்ப். மாற்றித் தரும் அந்தச் சில்லைத்தான் 'டாக்' என்று சொல்வார்கள். டிஜிட்டல் பிளேயரில் மோட்டாரும் லேசரும் கிடையாது. அந்த இடத்தில் ஒரு மெமரி கார்டு. மற்றதெல்லாம் அதேதான். சுற்றுகிற பாகம் எதுவும் இல்லாததால் பெல்ட் தளராது, லென்ஸ் போகாது, ஸ்பீட் பிரேக்கரில் பாட்டு எகிறாது. சோனி 1984-இல் முதல் கையடக்க சிடி பிளேயரை விட்டதிலிருந்தே அதைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனவர்களின் தலையாய கவலை அந்த எகிறல்தான்.

1998-இல் தென் கொரியாவிலிருந்து வந்த முதல் கையடக்க எம்பி3 பிளேயரின் கொள்ளளவு 32 மெகாபைட். அரை மணி நேரப் பாட்டு அடங்கும். ஆப்பிள் 2001-இல் ஐபாடைக் காட்டியபோது 5 ஜிகாபைட், ஆயிரம் பாட்டு என்று பெருமையாகச் சொன்னார்கள். அதே ஆப்பிள் 2022-இல் ஐபாடை நிறுத்திவிட்டது. இன்று நகம் அளவு மெமரி கார்டில் என் அலமாரி முழுவதும் அடங்கி, பாதிக்கு மேல் காலியாகவும் இருக்கிறது.

சித்தப்பா ஒரே நொடியில் எடுத்த 12 பாட்டு

வேலையைத் தொடங்கும் முன் கையில் இருப்பது எந்த வகை சிடி என்று பாருங்கள். நம் ஊரில் ஒரு காலத்தில் கடைத்தெருவெல்லாம் 'எம்பி3 சிடி' தொங்கும். ஒரே சிடியில் 150 பாட்டு என்று அட்டையில் போட்டிருப்பார்கள். அது பாட்டு சிடியே இல்லை. ஃபைல்கள் அடங்கிய சாதாரணக் கம்ப்யூட்டர் சிடி. அதை டிரைவில் போட்டு, ஃபைல்களை அப்படியே இழுத்து ஒரு ஃபோல்டரில் போட்டால் வேலை முடிந்தது. தரமும் அதில் இருப்பதுதான். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது.

அசல் ஆடியோ சிடி வேறு. அதில் ஃபைல் என்று எதுவும் கிடையாது. எங்கள் சித்தப்பா இதில்தான் ஏமாந்தார். ஒரு நாள் போன் செய்து, "தம்பி, நீ என்னமோ சிடிக்குப் பத்து நிமிஷம் ஆகும்னே. எனக்கு ஒரே நொடியில் 12 பாட்டும் பென் டிரைவ்ல ஏறிடுச்சு" என்றார். மறுநாள் காரில் போட்டிருக்கிறார், ஒன்றும் பாடவில்லை. பென் டிரைவைத் திறந்து பார்த்தேன். 'ட்ராக்01.சிடிஏ', 'ட்ராக்02.சிடிஏ' என்று பன்னிரண்டு ஃபைல். ஒவ்வொன்றும் 44 பைட். அதாவது ஒரு வாக்கியம்கூட அடங்காத அளவு. விண்டோஸ் நம் வசதிக்காகக் காட்டுகிற முகவரிச் சீட்டு அது. 'முதல் பாட்டு சிடியில் இந்த இடத்தில் தொடங்குகிறது' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. வீட்டு விலாசத்தை எழுதி எடுத்துக்கொண்டு போய்விட்டு, வீடு எங்கே என்று கேட்ட கதைதான்.

ஆடியோ சிடியிலிருந்து பாட்டை எடுப்பதற்கு 'ரிப்' செய்வது என்று பெயர். அதற்கு யுஎஸ்பியில் மாட்டுகிற ஒரு வெளி டிவிடி டிரைவும் ஒரு மென்பொருளும் வேண்டும். டிரைவுக்குப் பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை; வீட்டில் பழைய லேப்டாப் கிடந்து அதில் டிரைவ் வேலை செய்தால் அதுவும் போதும். மென்பொருளுக்கு, விண்டோஸில் கூடவே வருகிற மீடியா பிளேயரிலேயே 'ரிப்' என்று ஒரு பொத்தான் உண்டு. ஆரம்பத்துக்கு அது போதும். கொஞ்சம் பழகியதும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருளுக்குப் போகலாம். மேக் வைத்திருப்பவர்கள் எக்ஸ்எல்டி.

எக்ஸாக்ட் ஆடியோ காப்பியின் அருமை, சந்தேகம் வந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதுதான். எடுத்து முடித்ததும், உலகில் வேறு யாராவது இதே சிடியை எடுத்திருந்தால் அவர்களுக்குக் கிடைத்த எண்களும் நமக்குக் கிடைத்த எண்களும் ஒத்துப்போகின்றனவா என்றும் இணையத்தில் பார்த்துச் சொல்லும். பத்துப் பேருக்கு வந்த விடை நமக்கும் வந்தால் கணக்கு சரி. அப்பாவின் கச்சேரி சிடிகளில் பலவற்றுக்கு ஒப்பிட ஆளே இல்லை. அந்த மாதிரி சிடியை இரண்டு முறை எடுத்து, இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொண்டேன்.

கீறல் விழுந்த சிடியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சிடியில் எண்களை எழுதும்போதே, சில எண்கள் காணாமல் போனாலும் மீதியிலிருந்து கணக்குப் போட்டு மீட்கும்படி எழுதியிருக்கிறார்கள். பாதைக்கு நெடுக 2 மில்லிமீட்டர் அழிந்தால்கூடச் சமாளித்துவிடும். தகவல் வளையம் வளையமாகச் சுருண்டு ஓடுகிறது; அதனால் குறுக்கே விழுந்த கீறல் பரவாயில்லை, வட்டத்தை ஒட்டியே நீளும் கீறல்தான் ஆபத்து. சிடியைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்கச் சொல்வது இதனால்தான். நம் கை இயல்பாகவே வட்டமாகச் சுற்றும், கவனம். எங்கள் வீட்டு சிடிகளில் பாதிக்கு மழைக்கால ஈரத்தில் வெள்ளையாகப் படலம் பூத்திருந்தது. பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, குழாய்த் தண்ணீர், பழைய பருத்தி வேட்டித் துண்டு, பெரும்பாலானவை பிழைத்துவிட்டன. பிழைக்காதவை மேல் பக்கம், அதாவது பெயர் அச்சடித்த பக்கம், உரிந்துபோனவை. பலர் கீழ்ப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைப்பார்கள். உண்மையில் தகவல் இருக்கும் மெல்லிய உலோகப் படலம் மேல் பக்கத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கே உரிந்தால் போனது போனதுதான்.

எந்த வடிவத்தில் வைப்பது

இங்கேதான் நான் கோட்டை விட்டேன்.

2006 வாக்கில் ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து எல்லா சிடியையும் எம்பி3 ஆக மாற்றினேன். ஹார்டு டிஸ்க் விலை அதிகமாக இருந்த காலம், அதனால் நொடிக்கு 128 கிலோபிட் என்ற சிறிய அளவு. சில வருடம் கழித்து நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கி, அப்பாவின் கச்சேரி ஒன்றைக் கேட்டேன். தம்புராவின் ரீங்காரம் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி நெளிந்தது. கைதட்டல் அடுப்பில் எண்ணெய் பொரிகிற சத்தமாகக் கேட்டது.

காரணம் எளிது. சிடியில் ஒரு நிமிடப் பாட்டுக்கு 10.6 மெகாபைட் ஆகிறது. 128 கிலோபிட் எம்பி3 அதைச் சுமார் 1 மெகாபைட்டுக்குள் அடைக்கிறது. ஜெர்மனியின் எர்லாங்கனில் ஃப்ராவுன்ஹோபர் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான இந்த முறை, காதின் பலவீனத்தை நம்பி நடக்கிறது. மிருதங்கத்தில் ஓங்கி ஒரு அடி விழும்போது அதே நேரத்தில் ஒலிக்கும் மெல்லிய சத்தங்கள் நம் காதில் விழாது. விழாததை எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று எம்பி3 அதைத் தூக்கி எறிந்துவிடும். அளவோடு எறிந்தால் கண்டுபிடிக்க முடியாது. 320 கிலோபிட்டில் எடுத்த எம்பி3-க்கும் சிடிக்கும் வித்தியாசம் சொல்லுங்கள் என்று கண்ணைக் கட்டிவிட்டால், நான் தோற்பேன். சொல்கிறவர்கள் பெரும்பாலோரும் தோற்பார்கள். ஆனால் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் தம்புரா மாதிரி இடைவிடாத நுட்பமான நாதம் முதலில் மாட்டிக்கொள்ளும்.

எறிந்தது எறிந்ததுதான், திரும்ப வராது. அந்த எம்பி3-ஐப் பெரிய வடிவத்துக்கு மாற்றினால் தரம் கூடும் என்று சிலர் நினைப்பது, சாறு எடுத்த கரும்புச் சக்கையைப் பெரிய அண்டாவில் போட்டு வைப்பது போல.

இதற்கு மாற்று ஃப்ளாக். 2001-இல் வந்த இலவச வடிவம். இது எதையும் எறியாது. துணியை மடித்துப் பெட்டியில் வைப்பது போல இடத்தை மட்டும் குறைக்கும். விரித்தால் ஒரு நூல் குறையாமல் பழைய சிடி. சிடியின் அளவில் பாதியிலிருந்து அறுபது சதவீதம் வரை இடம் பிடிக்கும். ஆப்பிள் பொருட்களை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஏஎல்ஏசி என்று அவர்களுடைய வடிவம் உண்டு, வேலை ஒன்றே.

கணக்குப் பார்த்துவிடலாம். 200 சிடி, ஒவ்வொன்றும் சராசரி ஒரு மணி நேரம் என்றால் 12,000 நிமிடம். சுருக்காமல் வைத்தால் 127 ஜிகாபைட். ஃப்ளாக் என்றால் 75-க்குப் பக்கம். 320 கிலோபிட் எம்பி3 என்றால் 29. இன்று 256 ஜிகாபைட் கார்டு ஒரு சினிமாவுக்குக் குடும்பத்தோடு போய் வருகிற செலவில் கிடைக்கிறது. அதனால் என் யோசனை: சிடியிலிருந்து எடுப்பது ஒரே முறை, அது ஃப்ளாக்கில். காருக்கோ அம்மாவின் சின்ன ஸ்பீக்கருக்கோ எம்பி3 வேண்டுமென்றால் அந்த ஃப்ளாக்கிலிருந்து கம்ப்யூட்டரே மாற்றித் தரும். அதற்கு சிடியைத் திரும்பத் தொட வேண்டியதில்லை.

கச்சேரி கேட்பவர்களுக்கு ஃப்ளாக்கில் இன்னொரு லாபம். ராகம், தானம், பல்லவி மூன்றையும் சிடியில் மூன்று ட்ராக்காக வெட்டியிருப்பார்கள்; பாடகர் மூச்சு விடாமல் தொடர்ந்திருப்பார். எம்பி3 ஒலியைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து வேலை செய்வதால், பாட்டின் முன்னும் பின்னும் துளி மௌனம் சேர்ந்துவிடும். சில பிளேயர்கள் அதைக் கவனித்து நீக்கும், சில நீக்காது. நீக்காதவற்றில் தானம் முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தில் 'டக்' என்று ஒரு விக்கல். ஃப்ளாக்கில் அந்தத் தொல்லை இல்லை, பிளேயரில் 'கேப்லெஸ்', அதாவது இடைவெளி விடாமல் அடுத்த ட்ராக்குக்குப் போகும் வசதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

சிடிக்குத் தன் பாட்டின் பெயர் தெரியாது

எனக்கே வெகு நாள் தெரியாமல் இருந்த செய்தி இது. சாதாரண ஆடியோ சிடியில் பாட்டின் பெயரோ பாடியவர் பெயரோ கிடையாது. எத்தனை ட்ராக், எது எங்கே தொடங்குகிறது, அவ்வளவுதான். பெயரையும் சேர்த்து எழுதும் வசதி பின்னால் 1996-இல் வந்தது. நம் ஊர் சிடிகளில் அதைச் செய்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பெயரெல்லாம் அட்டையில்தான் இருக்கிறது.

அப்படியானால் சிடியைப் போட்டதும் கம்ப்யூட்டர் எப்படிப் பெயர் காட்டுகிறது? ட்ராக்குகளின் நீள வரிசையை வைத்து இணையத்தில் தேடுகிறது. முதல் பாட்டு 4 நிமிடம் 31 நொடி, இரண்டாவது 5 நிமிடம் 2 நொடி என்று போகிற வரிசை கிட்டத்தட்ட ஒரு கைரேகை மாதிரி. அந்தக் கைரேகைக்கு முன்பே யாரோ ஒரு ரசிகர் உட்கார்ந்து தட்டி வைத்த பெயர்கள்தான் நமக்கு வருகின்றன. அந்த ரசிகர் தூக்கக் கலக்கத்தில் தட்டியிருந்தால் நமக்கும் அதுவே வரும். ஆங்கில எழுத்தில் இளையராஜா பெயரை ஒருவர் ஒற்றை 'ஏ' போட்டிருப்பார், இன்னொருவர் இரட்டை 'ஏ', வேறொருவர் இரண்டு 'எல்'. பிளேயருக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு இசையமைப்பாளர்கள். பட்டியலில் மூன்று இடத்தில் நிற்பார்கள். எம்.எஸ். விஸ்வநாதனுக்குப் புள்ளி வைத்தது ஒன்று, வைக்காதது ஒன்று, ராமமூர்த்தியோடு சேர்த்தது ஒன்று.

ஆகவே சிடியிலிருந்து மாறும்போது ஒலி தொலைவதைவிடப் பெயர் தொலைவதுதான் பெரிய நஷ்டம் என்பது என் அனுபவம். பெயரில்லாத பாட்டு 2,000 பாட்டுக்கு நடுவில் இருந்தென்ன, இல்லாமல் போனாலென்ன? ரிப் செய்வது டிரைவின் வேலை. பெயர் வைப்பது நம் வேலை, நேரத்தில் முக்கால்வாசி அதற்குத்தான் போகும்.

ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் பெயர்களை எழுத 'டேக்' என்று சில கட்டங்கள் உண்டு. பாட்டு, கலைஞர், ஆல்பம், இசையமைத்தவர் என்று. இவை மேல்நாட்டு ஆல்பத்தை மனதில் வைத்துச் செய்தவை: ஒரு குழு, ஒரு ஆல்பம், பத்துப் பாட்டு. நம் சினிமா இசைத்தட்டில் ஐந்து பாட்டை ஏழு பேர் பாடியிருப்பார்கள். 'கலைஞர்' கட்டத்தில் பாடியவர்களைப் போட்டால், பல பிளேயர்கள் ஒரு படத்தை ஐந்து ஆல்பமாக உடைத்துக் காட்டும். இதற்கு மருந்து 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற தனிக் கட்டம். அதில் அந்தப் படத்தின் எல்லாப் பாட்டுக்கும் இசையமைப்பாளர் பெயரை ஒரே மாதிரி போடுங்கள். 'ஆல்பம்' படத்தின் பெயர். பாடியவர் 'கலைஞர்'. ஒரே சிடியில் இரண்டு மூன்று படங்களின் பாட்டைச் சேர்த்து விற்ற காலம் இருந்ததே, அவற்றைப் படம் படமாகப் பிரித்துவிடுவது நல்லது. 'சூப்பர் ஹிட்ஸ் பாகம் 3' என்ற ஆல்பத்தை யார் தேடப் போகிறார்கள்?

கச்சேரிக்கு நான் கண்ட வழி வேறு. பாட்டின் பெயரோடு ராகம், தாளம் இரண்டையும் கோடு போட்டுச் சேர்த்துவிடுகிறேன். 'இசையமைத்தவர்' கட்டத்தில் தியாகராஜர், தீட்சிதர், பாபநாசம் சிவன். 'கல்யாணி' என்று தேடினால் வீட்டில் இருக்கிற அத்தனை கல்யாணியும் வரிசையாக நிற்கும். சிடி அலமாரியால் ஒருநாளும் செய்ய முடியாத காரியம் இது. அப்பா முதல் முறை இதைப் பார்த்தபோது, வேலை வெட்டி இல்லாத பையன் என்பதுபோல் என்னைப் பார்ப்பதை நிறுத்தினார்.

தமிழிலேயே எழுதலாமா? எழுதலாம். ஆனால் முதலில் ஒரே ஒரு பாட்டுக்கு எழுதி உங்கள் பிளேயரிலும் காரிலும் போட்டுப் பாருங்கள். சிலவற்றில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். சிலவற்றில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். என் கார் செட் தமிழைக் கண்டால் கேள்விக்குறியாகப் போடுகிறது. அதனால் காருக்கு ஆங்கில எழுத்து, வீட்டுக்குத் தமிழ். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் ஒரு ஃபோல்டர் முழுவதற்கும் ஒரே அடியாக மாற்றலாம்.

அட்டையையும் மறக்காமல் போனில் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள், முன்பக்கம் மட்டுமல்ல, உள்பக்கமும். கச்சேரியில் வயலின் யார், மிருதங்கம் யார், எந்த வருடம் என்பதெல்லாம் உள்ளே பொடி எழுத்தில்தான் இருக்கும்.

கேட்பதற்கு என்ன வாங்குவது

உடனே எதையும் வாங்காதீர்கள். வீட்டில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் இருக்கும். சிம்மை எடுத்துவிட்டு, மெமரி கார்டைப் போட்டு, ஏரோபிளேன் மோடில் வைத்தால் அதுவே நல்ல பிளேயர். போன் வராது, மெசேஜ் வராது, ஆலாபனைக்கு நடுவில் கடன் வேண்டுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். சில மாதம் அதில் கேட்டுப் பார்த்துவிட்டு, பொத்தான் உள்ள தனி பிளேயர் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். சோனி இன்றும் வாக்மேன் என்ற பெயரிலேயே டிஜிட்டல் பிளேயர் விற்கிறது; ஃபியோ போன்றவையும் இருக்கின்றன. பெரியவர்களுக்குத் தொடுதிரையைவிட அழுத்தினால் 'டிக்' என்று சொல்கிற பொத்தான் நல்லது.

வீட்டு ஸ்டீரியோவோடு சேர்க்க, ஒரு பக்கம் ஹெட்போன் முள், மறு பக்கம் சிவப்பு வெள்ளை இரண்டு முள் உள்ள கேபிள் போதும். ஆம்பின் 'ஆக்ஸ்' துளையில் செருகுங்கள். பிளேயரின் சத்தத்தை முக்கால்வாசிக்கு மேல் வைத்து, கூட்டிக் குறைப்பதை ஆம்பில் செய்யுங்கள். தலைகீழாகச் செய்தால் இரைச்சல் கூடும். புளூடூத் சௌகரியம்தான். ஆனால் பொதுவாக அது பாட்டை வழியில் இன்னொரு முறை சுருக்கித்தான் அனுப்புகிறது. சமையலறையில் கேட்க அது போதும், தம்புரா கேட்க கேபிள்.

பழைய சிடிகளில் சத்தம் குறைவாகவும் புதியவற்றில் காதைப் பிளப்பதாகவும் இருக்கும். 'ரீப்ளேகெயின்' என்ற வசதியைப் பிளேயரில் போட்டுவிட்டால், பாட்டைத் தொடாமல் சத்தத்தை மட்டும் சமன் செய்யும். அதற்கு முன்பே கம்ப்யூட்டரில் ஒரு முறை எல்லாப் பாட்டையும் அளந்து வைக்க வேண்டும். ஃபூபார்2000 என்ற இலவச மென்பொருள் அதைச் செய்து தரும்.

கார் தனி உலகம். எல்லாம் சரியாகச் செய்தும் பாட்டு கன்னாபின்னா என்று வரிசை மாறி வந்தால், குற்றம் உங்களுடையது அல்ல. பல கார் செட்டுகள் பெயரைப் பார்ப்பதில்லை. பென் டிரைவில் எந்த வரிசையில் காப்பி ஆனதோ அந்த வரிசையில் பாடும். ஃபைல் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டு, காலியான பென் டிரைவில் ஃபோல்டர் ஃபோல்டராக வரிசைப்படி காப்பி செய்தால் சரியாகிவிடும். பென் டிரைவை 'ஃபேட்32' முறையில் ஃபார்மேட் செய்து வையுங்கள். பழைய செட்டுகளுக்கு வேறு முறை புரியாது. கச்சேரிக்கு 'ஷஃபிள்' பொத்தானை அணைத்துவிடுங்கள். திருச்சி தாண்டும்போது தானத்துக்கு அப்புறம் குத்துப்பாட்டு வந்து, அப்பா காரை ஓரம் கட்டச் சொன்னதை நான் மறக்கவில்லை.

இரண்டாவது நகல்

மேலே சொன்ன எல்லாவற்றையும் முடித்து, ஒரே ஹார்டு டிஸ்க்கில் வைத்திருந்தேன். மேசையிலிருந்து விழுந்தது. 'க்ளிக், க்ளிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. அந்த நிமிடத்தில் என்னைக் காப்பாற்றியது, யாருக்கும் தராமல் மூட்டை கட்டிப் பரணில் போட்டிருந்த அந்த 200 சிடிகள்தான். மூன்றாவது தடவையாக ரிப் செய்தேன். இப்போது இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்று வீட்டில், ஒன்று தங்கை வீட்டில். தீபாவளிக்குப் போகும்போது புதிதாகச் சேர்ந்ததை அதிலும் ஏற்றிவிடுவேன்.

எனவே ரிப் செய்து முடித்ததும் சிடிகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அவை மூன்றாவது நகல். இன்னொரு காரணமும் உண்டு. வாங்கிய சிடியிலிருந்து நாம் கேட்பதற்காக எடுத்து வைத்துக்கொள்வது ஒன்று. சிடியை விற்றுவிட்டுப் பாட்டை வைத்துக்கொள்வதோ, பென் டிரைவில் போட்டு ஊருக்கெல்லாம் கொடுப்பதோ வேறு. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு பதிப்புரிமை இருக்கிறது.

சிடிகளைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்து, உறையின் முதுகில் 001, 002 என்று சிறு ஸ்டிக்கர் ஒட்டினேன். சிடியின் மேல் எதையும் ஒட்டக் கூடாது. சுழலும்போது ஒரு பக்கம் கனத்து ஆடும். ஃபோல்டருக்கும் அதே எண். இப்போதெல்லாம் அப்பா "அந்த 87-ஐப் போடு" என்றுதான் சொல்கிறார். எல்லா எண்ணுக்கும் ஃபோல்டர் வந்துவிட்டது, 143 தவிர. உறை இருக்கிறது, உள்ளே சிடி இல்லை. அத்தை வீட்டுக்குப் போயிருக்கலாம் என்கிறார் அப்பா. அத்தை, தான் வாங்கவே இல்லை என்கிறார்.